பேரனுக்கு அம்மை, தாத்தாவுக்கு அக்கி

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுக்கூட்டத்தில் யெல் என்றொரு தீவு இருக்கிறது. ஓயாத காற்றும் ஆடு மேயும் ஈரநிலமும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுமாக இருந்த அந்தத் தீவுக்கு 1953இல் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற மருத்துவர் போனார். அவர் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்தவர் அல்லர். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிறுநகரத்தில் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து எழுதித் தந்துகொண்டிருந்த குடும்ப மருத்துவர். ஒரு கேள்வி அவரை விடாமல் துரத்தியது. சின்னம்மை ஓய்ந்திருக்கும் ஆண்டுகளில் அது எங்கே இருக்கிறது?

தட்டம்மையைப் பற்றி இப்படிக் கேட்க வேண்டியதில்லை. அது கப்பலேறித் தீவுக்கு வரும், எல்லோரையும் பிடிக்கும், புதிதாகத் தொற்ற ஆள் இல்லாமல் போனதும் அற்றுப்போகும். அது ஓரிடத்தில் அறுபடாமல் நீடிக்கப் பல இலட்சம் பேர் வாழும் நகரம் வேண்டும். சின்னம்மையோ ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரிலும் சில ஆண்டு காணாமல் இருந்துவிட்டுத் திடீரென முளைக்கும். வெளியிலிருந்து யாரும் வந்திருக்க மாட்டார்கள், கப்பலும் வந்திருக்காது. ஹோப்-சிம்ப்சன் தீவின் குடும்பங்களை விசாரித்தார். யாருக்கு எப்போது எது வந்தது என்று வரிசைப்படுத்தினார். பள்ளிப் பிள்ளைகளின் சின்னம்மைக்கு மூலம் அந்த ஊரின் முதியவர்களிடமே இருந்தது. அவர்களுக்கு வந்திருந்தது அக்கி.

அக்கி என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம். விலாவின் ஒரு பக்கமோ நெற்றியின் ஒரு பாதியோ முதலில் எரியும். ஓரிரு நாளில் அங்கே சிவந்து, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் கிளம்பும். நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகாது. சில ஊர்களில் அதை அக்கி அம்மை என்றே சொல்வார்கள். வந்தவரைக் குயவர் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அவர் காவிமண்ணைக் குழைத்துக் கொப்புளங்களின்மேல் பூசி, சிங்க உருவம் எழுதி அனுப்புவார். அதே வீட்டில் குழந்தைக்குச் சின்னம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள், 'ஆத்தா வந்திருக்கா' என்று குரலைத் தாழ்த்துவார்கள். இரண்டுக்கும் வேறு வேறு முறை, வேறு வேறு ஆள். ஆனால் நோய்க்கிருமி ஒன்றுதான்: வேரிசெல்லா சோஸ்டர் என்ற வைரஸ். ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. மனிதரை விட்டால் அதற்கு வேறு புகலிடம் இல்லை.

இந்த உறவை முதலில் சந்தேகித்தவர் புடாபெஸ்ட் நகரின் குழந்தை மருத்துவர் யானோஷ் போகாய். 1888இல், அக்கி வந்த பெரியவர் இருக்கும் வீடுகளில் சில நாள் கழித்துக் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதை அவர் கவனித்தார். 1950களில் அமெரிக்காவில் தாமஸ் வெல்லர் இரு நோய்களின் கொப்புளங்களிலிருந்தும் வைரஸைப் பிரித்தெடுத்து வளர்த்தார். 1984இல், முன்பு சின்னம்மை கண்டு பின்னர் அக்கியும் வந்த ஒரே நோயாளியிடமிருந்து எடுத்த வைரஸ்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் ஒன்றே என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. இடையில் 1965இல் ஹோப்-சிம்ப்சன், 16 ஆண்டுகளாகத் தம் மருத்துவமனைக் குறிப்பேட்டில் எழுதிவைத்த அக்கி நோயாளிகளின் விவரத்தை வைத்து ஒரு கருதுகோளை வெளியிட்டார். சின்னம்மை ஆறியதும் வைரஸ் அழிவதில்லை. தோலிலிருந்து உணர்ச்சி நரம்புகளின் வழியே ஏறி, முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய் ஒடுங்கிக்கொள்கிறது. உடலின் எதிர்ப்பாற்றல் அதை அடக்கி வைக்கிறது. முதுமையிலோ வேறு நோயிலோ அந்தக் காவல் தளரும்போது, வந்த நரம்பின் வழியே மறுபடி தோலுக்கு இறங்குகிறது. அக்கி ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு பட்டையாக வருவதன் காரணம் இதுதான். அந்தப் பட்டை ஒரு நரம்பின் எல்லை.

ஒரு குடும்ப மருத்துவரின் பொறுமையான குறிப்பேடு இவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. இந்த வைரஸ் தாத்தாவின் நரம்பில் ஐம்பது ஆண்டு காத்திருந்து பேரனுக்குப் போகக்கூடியது. மனிதர்கள் சிறுசிறு கூட்டமாக அலைந்த காலத்திலும் அழியாமல் வந்திருப்பதற்கு இந்தக் காத்திருப்பே காரணமாக இருந்திருக்க வேண்டும். 'அம்மை வந்து போச்சு' என்று நாம் சொல்வது முழு உண்மை இல்லை. வந்தது போகவில்லை.

நோயின் நடப்பைக் கொஞ்சம் பார்ப்போம். தொற்றிய நாளிலிருந்து 10 முதல் 21 நாளுக்குள், பெரும்பாலும் இரண்டு வாரத்தில், காய்ச்சலும் அசதியும் வரும். பிறகு முகத்திலும் உடம்பிலும் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். அவை சில மணி நேரத்தில் தடித்து, தெளிந்த நீர் கோத்து, பின் கலங்கி, பொருக்குத் தட்டும். புதிய கொப்புளங்கள் மூன்று நான்கு நாள் வரை அலையலையாக வந்துகொண்டிருப்பதால், ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் புள்ளியும் கொப்புளமும் பொருக்கும் சேர்ந்திருக்கும். மொத்தம் 250 முதல் 500 கொப்புளங்கள் வரை வருவது சாதாரணம். பெரியம்மை இப்படி இராது. அதில் கொப்புளங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும், முகத்திலும் கை கால்களிலும்தான் அடர்ந்திருக்கும், உள்ளங்கை உள்ளங்காலையும் விடாது. 1767இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் இவ்விரண்டும் வேறு நோய்கள் என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார். இருநூறு ஆண்டு கழித்து, இந்தியாவில் பெரியம்மையின் கடைசித் தடத்தைத் தேடி வீடு வீடாகப் போனவர்களுக்கு அந்தப் பிரிவினை மிகவும் தேவைப்பட்டது. அம்மை என்று கேள்விப்பட்ட ஒவ்வொரு வீட்டிலும் அது எந்த அம்மை என்று பார்த்தாக வேண்டியிருந்தது. பெரியம்மை 1975இல் இந்தியாவை விட்டு ஒழிந்தது. 1980இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு நாம் கற்றுக்கொண்ட அச்சமும் பணிவும் விரதமும் மட்டும் மிஞ்சி, சின்னம்மையின்மேல் வந்து நின்றுவிட்டன.

ஐரோப்பிய, அமெரிக்கப் பாடப்புத்தகங்களில் சின்னம்மை குழந்தை நோய். தடுப்பூசி வருவதற்கு முன் அங்கே 15 வயதுக்குள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது வந்துவிடும். நம் பக்கம் அப்படி இல்லை. இந்தியாவின் தென்பகுதி, இலங்கை, தென்கிழக்கு ஆசியா போன்ற வெப்ப நாடுகளில் சின்னம்மை வராமலேயே இருபது வயதைத் தாண்டுபவர்கள் ஏராளம். 1984இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெப்ப மண்டல மருத்துவமனை ஒன்றின் ஊழியரிடமும் மாணவரிடமும் சின்னம்மை எப்படிப் பரவுகிறது என்றே தனியாக ஆராய வேண்டியிருந்தது. குளிர்நாட்டு மருத்துவமனையில் அப்படி ஓர் ஆய்வுக்கு அவ்வளவு ஆள் கிடைத்திருக்க மாட்டார்கள். ஈழப் போர்க்காலத்தில் டென்மார்க்கில் அடைக்கலம் புகுந்த தமிழரிடையே சின்னம்மை பரவியதையும், வளர்ந்தவர்கள் அதற்கு ஆளானதையும் 1990இல் வெளியான டேனிய ஆய்வு ஒன்று பேசுகிறது. ஊரில் சின்னம்மை வராமல் தப்பியவர்கள், நெருக்கமான முகாமிலும் குளிரிலும் அதில் அகப்பட்டார்கள். வெப்ப நாட்டிலிருந்து வரும் இளைஞரிடமும் கர்ப்பிணிகளிடமும் 'சின்னம்மை வந்திருக்கிறதா' என்று மேலைநாட்டு மருத்துவர்கள் இன்று தனியாகக் கேட்பதன் பின்னணி இதுதான்.

ஏன் இப்படி? கொப்புளத்து நீரில் இருக்கும் வைரஸ் வெப்பத்தில் எளிதில் செயலிழக்கும் என்பது ஒரு விளக்கம். கடும் வெயிலின் புற ஊதாக் கதிர் தோலின் மேற்புறத்திலேயே அதை முடித்துவிடுகிறது என்பது இன்னொன்று. பள்ளியிலும் வீட்டிலும் குழந்தைகள் அடைந்து கிடக்கும் குளிர்கால நெருக்கம் நம்மிடம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நம் பருவக் கணக்கு மட்டும் இதோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. இங்கே சின்னம்மை மார்கழிக் குளிர் விலகிய பின் தலைகாட்டி, மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் உச்சம் அடையும். மழைக்காலத்தில் அடங்கும். சமயபுரத்து மாரியம்மன் பக்தர்களுக்காகத் தானே 28 நாள் பச்சைப்பட்டினி இருப்பதும் மாசிக் கடைசியிலிருந்து பங்குனிக்குள்தான். பொதுத்தேர்வும் அதே வேளையில் வருவதால், அம்மை கண்ட மாணவரைத் தனி அறையில் உட்காரவைத்துத் தேர்வு எழுதவைப்பது ஆண்டுதோறும் நடக்கிறது.

வயது கூடினால் இந்நோய் குணம் மாறும். குழந்தைக்கு அரிப்பும் காய்ச்சலுமாக ஒரு வாரத்தில் முடிவது, முப்பது வயதுக்காரரை நுரையீரல் அழற்சியில் கொண்டுபோய் விடலாம். தடுப்பூசிக்கு முந்தைய அமெரிக்கக் கணக்கில், சின்னம்மை கண்டவர்களில் பெரியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். இறந்தவர்களிலோ அவர்கள் நூற்றுக்குச் சுமார் 35 பேர். கர்ப்பிணிக்கு வந்தால் கவலை இரட்டிப்பு. முதல் 20 வாரங்களுக்குள் வந்தால், அரிதாக, நூற்றில் இரண்டுக்கு மேற்படாத அளவில், சிசுவின் கை கால், கண், மூளை ஆகியவற்றின் வளர்ச்சி குலையும். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்பு வரையில் தாய்க்குக் கொப்புளம் கண்டால், தாயின் எதிர்ப்பொருள் குழந்தைக்குச் சேர நேரம் இல்லாமல் வைரஸ் மட்டும் சேர்ந்துவிடும். மருத்துவம் செய்யாவிட்டால் அந்தப் பச்சிளங் குழந்தைகளில் பத்தில் மூன்று வரை இறக்கக்கூடும் என்பது பழைய கணக்கு. சின்னம்மையைக் குழந்தை நோய் என்று எழுதும் பாடப்புத்தகத்தை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தினால் இந்த ஆபத்தெல்லாம் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

நம் வீட்டு முறைகளைப் பற்றி இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. எல்லாமே மூடநம்பிக்கை என்கிறவர்கள் ஒரு பக்கம், எல்லாமே முன்னோர் அறிவியல் என்கிறவர்கள் மறுபக்கம். இரண்டு பேச்சும் நோயாளிக்கு உதவாது. வீட்டுக்கு யாரும் வரக்கூடாது, நோயாளி வெளியே போகக்கூடாது என்பது மிகச் சரியான ஏற்பாடு. ஒரே வீட்டில் அதுவரை வராதவர்கள் இருந்தால் அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வரை தொற்றிக்கொள்ளும் நோய் இது. ஆனால் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடுவதால் தனிமைப்படுத்துவது ஒருபோதும் முழுக் காப்பாக இருக்க முடியாது. கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை, அதாவது சுமார் ஒரு வாரம், தனிமை வேண்டும். ஏழாம் நாளோ ஒன்பதாம் நாளோ தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் இதற்கு நெருக்கமாகவே வருகிறது. இளநீரும் கூழும் தயிர்சோறும் வாய்க்குள் புண் இருக்கும் குழந்தைக்கு ஏற்ற உணவு. நகத்தால் சொறியாமல் வேப்பங்கொத்தால் வருடிக்கொள்வதிலும் தவறில்லை, வேப்பிலை வைரஸைக் கொல்லும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

தவறு இரண்டு இடத்தில் நேர்கிறது. ஒன்று, தலைக்கு ஊற்றும் நாள் வரை உடம்பில் தண்ணீரே படக்கூடாது என்பது. குழந்தைகளின் சின்னம்மையில் அதிகம் வரும் சிக்கல், சொறிந்த கொப்புளத்தில் பாக்டீரியா ஏறிச் சீழ் பிடிப்பதுதான். சில வேளை அது இரத்தத்திலும் கலந்து உயிரைக் கேட்கும். தினமும் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, மெத்தெனத் துடைத்து, நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும்.

இன்னொன்று மிகப் பெரிய தவறு. அம்மைக்கு மருந்து கொடுக்கக்கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது, போனால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்ற அச்சம். பெரியம்மைக் காலத்தில் எந்த வைத்தியரிடமும் மருந்து இல்லை. இன்று இருக்கிறது. 1970களில் உருவான அசைக்ளோவிர் என்ற மாத்திரை இந்த வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. அதற்கு வழி திறந்த ஆய்வுகளில் முன்னின்ற கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். நம் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மருந்துதான். ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு. சின்னம்மையில் முதல் கொப்புளம் கண்ட 24 மணி நேரத்துக்குள்ளும், அக்கியில் 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்கினால்தான் முழுப் பலன். ஆரோக்கியமான சிறு குழந்தைக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. 12 வயதைத் தாண்டியவர், கர்ப்பிணி, ஸ்டீராய்டு அல்லது புற்றுநோய் மருந்து எடுப்பவர் ஆகியோருக்கு அந்த முதல் நாள் மிக முக்கியம். நாம் அந்த நாளைத்தான் வாசலில் வேப்பிலை கட்டிக் கழித்துவிடுகிறோம். அக்கியிலும் இதே கதை. காவி பூசிய கொப்புளம் இரண்டு மூன்று வாரத்தில் ஆறுவது உண்மை, பூசாவிட்டாலும் அது ஆறும். அதற்குள் நரம்பு புண்பட்டு, கொப்புளம் மறைந்த பிறகும் மாதக்கணக்கில் எரிச்சல் நீடிக்கும் முதியவர்கள் பலர். மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணுக்குள்ளும் வைரஸ் இறங்க வாய்ப்பு மிகுதி. அவரை அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. சின்னம்மையோடு அது சேர்ந்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறி வரக்கூடும். ஐபுபுரோஃபெனையும் தவிர்ப்பது நல்லது.

தடுப்பூசியின் கதை ஒரு தகப்பனிடமிருந்து தொடங்குகிறது. ஜப்பானிய வைரஸ் ஆய்வாளர் மிச்சியாகி தகாஹாஷி 1960களில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பணியாற்றியபோது அவருடைய மூன்று வயது மகனுக்குக் கடுமையான சின்னம்மை வந்தது. உடலெங்கும் கொப்புளமும் மூச்சுத் திணறலுமாகக் கிடந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒசாகா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும் இந்த வைரஸையே எடுத்துக்கொண்டார். ஒரு குழந்தையின் கொப்புளத்திலிருந்து எடுத்த வைரஸை மனித நுரையீரல் செல்களில் வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பத்திலும், பின்னர் கினிப் பன்றியின் செல்களிலும் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, நோய் தரும் வீரியத்தைக் குறைத்தார். 1974இல் ஓகா என்ற பெயரோடு அந்தத் தடுப்பூசி வெளியுலகுக்கு வந்தது. உலகெங்கும் இன்று போடப்படும் சின்னம்மைத் தடுப்பூசிகள் பெரும்பாலும் அதன் வழி வந்தவை.

1995இல் அமெரிக்கா அதைக் குழந்தைகள் எல்லோருக்கும் போடத் தொடங்கியது. அதற்கு முன் அங்கே ஆண்டுக்கு சுமார் 40 இலட்சம் பேருக்கு இந்நோய் வரும், 100 முதல் 150 பேர் இறப்பார்கள். 25 ஆண்டில் நோயாளிகள் எண்ணிக்கை 97 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. பிரிட்டன் நெடுங்காலம் தயங்கியது. தயக்கத்துக்கு ஒரு காரணம் ஹோப்-சிம்ப்சனின் கருத்தே. அம்மை கண்ட குழந்தைகளின் அருகில் இருப்பது முதியவர்களின் எதிர்ப்பாற்றலை அவ்வப்போது தூண்டி அக்கியைத் தள்ளிப்போடும், குழந்தைகளிடம் அம்மை ஒழிந்தால் முதியவர்களிடம் அக்கி பெருகும் என்று அஞ்சினார்கள். அமெரிக்க அனுபவம் அந்த அச்சத்தை மெய்ப்பிக்கவில்லை. அதோடு, தடுப்பூசி போட்ட குழந்தைகளுக்கே அக்கி வருவது, போடாதவர்களைவிட 78 விழுக்காடு குறைவு என்று அங்கே ஒரு பெரிய ஆய்வு கண்டது. ஒடுங்கிக்கொள்ள வீரியமுள்ள வைரஸ் இல்லாவிட்டால் பின்னாளில் இறங்கி வரவும் அது இல்லை. 2026 ஜனவரியிலிருந்து குழந்தைகளுக்கான தடுப்பூசி அட்டவணையில் இதைச் சேர்ப்பதாக இங்கிலாந்தும் 2025இல் அறிவித்தது.

இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சின்னம்மைக்கு இடம் இல்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் இரண்டு தவணை போடச் சொல்கிறது, முதல் தவணை 15 மாதத்தில். தனியார் மருத்துவமனையில் ஒரு தவணைக்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஆகவே வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஊசி உண்டு, அடுத்த தெருப் பிள்ளைக்கு இல்லை. இதை வெறும் ஏற்றத்தாழ்வு என்று விட்டுவிட முடியாது. ஒரு சமூகத்தில் 80 விழுக்காட்டுக்குக் குறைவான குழந்தைகளுக்கு மட்டும் நெடுங்காலம் இந்தத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தால், தொற்று குறையும், ஒழியாது. அதனால் ஊசி போடாத பிள்ளைகள் சிறுவயதில் நோயைச் சந்திக்காமல் வளர்ந்து, இருபதிலும் முப்பதிலும் சந்திப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இலேயே எச்சரித்தது. ஏற்கெனவே வெயிலால் நோய் வயது தள்ளி வரும் மண் இது. அரைகுறைத் தடுப்பூசி அதை இன்னும் தள்ளிவிடும். பணம் உள்ளவர் போட்டுக்கொள்ளட்டும் என்று சந்தையிடம் விட்டிருப்பது, இந்த நோயைப் பொறுத்தவரை, யாருக்கும் போடாமல் இருப்பதைவிடவும் ஏழைக்குக் கேடாக முடியக்கூடும் என்பது என் எண்ணம். தட்டம்மை, ரூபெல்லாவுக்கு 2017இல் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநில, ஒன்றியப் பகுதிகளில் தொடங்கிப் பெரிய இயக்கமே நடத்திய நாட்டுக்கு, இதையும் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமாகக் கொண்டுசேர்க்கத் தெரியும்.

முதியவர்களின் அக்கிக்கும் தனித் தடுப்பூசி இப்போது இந்தியாவில் கிடைக்கிறது. வேல்ஸ் நாட்டில், பிறந்த தேதியை வைத்து யாருக்கு அக்கித் தடுப்பூசி என்று பிரித்ததால் அமைந்த இயற்கைச் சோதனை ஒன்றை ஆராய்ந்து 2025இல் வெளியிட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் அடுத்த ஏழு ஆண்டில் மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நரம்பில் ஒடுங்கிக் கிடக்கும் வைரஸ் மூளைக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது.

அரசு அசையும் வரை வீடுகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் வயது வந்தும் சின்னம்மை வராதவர் யார் என்று இன்றே கேட்டுப் பாருங்கள். திருமணத்துக்குக் காத்திருக்கும் பெண், விடுதிக்கோ வெளிநாட்டுக்கோ கிளம்பும் பிள்ளை, பிள்ளைகளிடையே வேலை பார்க்கும் ஆசிரியை, செவிலியர் என்றால் கட்டாயம் கேளுங்கள். வரவில்லை என்றால், அல்லது நினைவில்லை என்றால், மருத்துவரிடம் போய் இரண்டு தவணை ஊசியையும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கர்ப்பிணிக்கும் எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கும் இந்த ஊசி ஆகாது. கருத்தரிக்க நினைப்பவர் ஒரு மாதத்துக்கு முன்பே போட்டு முடித்திருக்க வேண்டும். வீட்டில் பெரியவர் ஒருவருக்குக் கொப்புளம் கண்டால் வேப்பிலையை வாசலில் கட்டுங்கள், கட்டிய கையோடு அன்றே அவரை மருத்துவரிடம் காட்டுங்கள்.